கிளட்ச் பெடல் கீழே இறங்குது, ரிவர்ஸ் கரகரக்குது: மாஸ்டரா, ஸ்லேவா, முழு செட்டா?

மேட்டுப்பாளையம்_டீசல்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி டீசல் எஸ்யூவி, 2013 மாடல், 1,10,000 கி.மீ. ஓடியது. ஹைட்ராலிக் கிளட்ச், உள்ள ஓடுறது பிரேக் ஆயில்தான்: பெடல் பக்கம் இருக்கிற மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும், அந்த அழுத்தத்துல ஸ்லேவ் சிலிண்டர் கிளட்ச்சைப் பிரிக்கும். ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே போல்ட் போட்டு நிற்கிற டைப். கிளட்ச்சுக்குத் தனி ஆயில் டப்பா, பிரேக் டப்பாவோடு சேராதது.

காலையில் முதல் தடவை அமுக்கினா பெடல் பாதி தூரம் சும்மாவே போகுது. கியர் விழ மாட்டேங்குது, ரிவர்ஸ் போட்டா கரகரன்னு சத்தம். ரெண்டு மூணு தடவை பம்ப் அடிச்சா சரியாகிடும். சிக்னல்ல கியர்ல போட்டு கிளட்ச்சை அமுக்கிப் பிடிச்சா கொஞ்ச நேரத்துல வண்டி தானா முன்னால நகரப் பார்க்குது. டப்பாவுல ஆயில் மினிமம் கோட்டுக்குக் கீழ இருந்துச்சு. ஊத்தினேன், மறுபடி இறங்குது. உள்ள இருக்கிறது டிக்காஷன் மாதிரி கறுப்பு.

ஒரு மெக்கானிக் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் சேர்த்து முழு செட் மாத்தணும்ங்கிறார். இன்னொருத்தர் ஏர் எடுத்தா, அதாவது லைன்ல இருக்கிற காத்தை வெளியேத்தினா, போதும்ங்கிறார். கியர்பாக்ஸை இறக்குறதுக்கு முன்னாடி எது போச்சுன்னு உறுதி பண்ண வழி இருக்கா? எந்த ஆயில், எவ்வளவு வேணும்? ஏர் வீட்டுலயே எடுக்கலாமா?

ஸ்பேனர்_பதினாலு

செட் மாற்றும் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும்: மேட்டில் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஆர்.பி.எம். ஏறும், வேகம் ஏறாது. உங்களுக்கு நடப்பது அதற்கு நேரெதிர். கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது வழுவழுவென்று விழுந்து, ஓடும்போது மட்டும் விழாவிட்டால் கியர்பாக்ஸ் மேல் சந்தேகம் வேண்டாம்.

டப்பாவில் அளவு இறங்குகிறது என்பதே பாதி பதில். பிரேக்கில் பேட் தேயத் தேய அளவு இறங்குவது இயல்பு. கிளட்ச்சில் அது தலைகீழ். பிளேட் தேயும்போது பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்கள் (டயாஃப்ரம்) கியர்பாக்ஸ் பக்கமாகச் சாய்ந்து, பேரிங்கையும் ஸ்லேவ் பிஸ்டனையும் பின்னால் தள்ளும். ஸ்லேவில் இருந்த திரவம் டப்பாவுக்குத் திரும்பும், அளவு மெல்ல ஏறும். ஆகவே தனி டப்பா உள்ள கிளட்ச்சில் அளவு குறைந்தால் எங்கோ கசிகிறது என்று மட்டும்தான் பொருள். இதே காரணத்தால் மேக்ஸிமம் கோட்டுக்கு மேல் தளும்ப ஊற்றவும் வேண்டாம்.

கசிவு தேட மூன்று இடம். டேஷ்போர்டுக்குக் கீழே, பெடலின் புஷ் ராடு ஃபயர்வாலுக்குள் (இன்ஜின் அறையைப் பிரிக்கும் தகடு) நுழையும் இடத்தில் வெள்ளை டிஷ்யூவை ஒற்றி எடுங்கள். ஈரம் பட்டால் மாஸ்டரின் பின்பக்க சீல் போய்விட்டது. அடுத்து, ஸ்லேவின் ரப்பர் பூட்டை (தூசி உறையை) விளிம்பில் லேசாக விலக்குங்கள். கறுப்புத் தூசி படிந்திருந்தால் பரவாயில்லை; சொட்டினால் ஸ்லேவ் சீல் போச்சு. மூன்றாவது, ஹோஸ் இணைப்பும் பைப் நட்டுகளும்.

எங்கே ஈரம் பார்த்தாலும் அது பிரேக் ஆயில்தானா என்று ஒரு டம்ளர் தண்ணீரில் சொட்டு விட்டுப் பாருங்கள். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும். இன்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் மேலே மிதக்கும்.

இனி அளவெடுப்பு. இதைச் செய்யாமல் ஒரு சாமானும் வாங்காதீர்கள். இன்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஸ்லேவின் புஷ் ராடு, ரிலீஸ் பேரிங்கை நகர்த்தும் நெம்புகோலான ஃபோர்க்கைத் தள்ளும் இடத்தில் ஸ்கேலைப் பிடியுங்கள். இன்னொருவர் பெடலை ஒரே அமுக்காக முழுதும் அமுக்கட்டும். ராடு எத்தனை மி.மீ. வெளியே வந்தது? குறித்துக்கொண்டு, மூன்று தடவை பம்ப் அடித்தபின் மறுபடி அளந்து பாருங்கள். கடைசியாகப் பெடலை ஒரு நிமிடம் அமுக்கிப் பிடித்திருக்கும்போது ராடு பின்வாங்குகிறதா என்றும் கவனியுங்கள்.

முழு அமுக்கில் ராடு கையேட்டில் சொன்ன தூரம் வந்து, அப்படியே நின்று, அப்போதும் கியர் விழவில்லை என்றால்தான் கோளாறு பெல் ஹவுசிங்குக்குள்ளே (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச் இருக்கும் கூடு): ஃபோர்க்கின் பிவட் தேய்ந்திருக்கும், பிளேட் கோணியிருக்கும், அல்லது கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகியிருக்கும். அந்த நிலையில் மட்டும் கியர்பாக்ஸை இறக்கலாம்.

கணக்கு_வாத்தியார்

மேலே சொன்ன அளவெடுப்பு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. மாஸ்டரின் போர், அதாவது உள்விட்டம், 15.87 மி.மீ. (8-இல் 5 அங்குலம்), ஸ்லேவ் போர் 20.64 மி.மீ. (16-இல் 13 அங்குலம்) என்று எடுத்துக்கொள்வோம். உங்கள் வண்டியின் எண் வேறாக இருக்கலாம், வழி ஒன்றுதான்.

பெடல் பயணம் 140 மி.மீ., பெடல் விகிதம் 6-க்கு 1 என்றால் மாஸ்டர் பிஸ்டன் நகர்வது சுமார் 23 மி.மீ. மாஸ்டரின் பரப்பு 198 சதுர மி.மீ. ஆக, ஒரு முழு அமுக்கில் லைனுக்குள் தள்ளப்படுவது 4.5 மி.லி. அவ்வளவுதான், ஒரு டீஸ்பூன்கூட இல்லை. ஸ்லேவின் பரப்பு 335 சதுர மி.மீ. என்பதால் ராடு 13 மி.மீ. சொச்சம் வெளியே வரும்.

இப்போது லைனுக்குள் 1 மி.லி. காற்று இருப்பதாக வையுங்கள். கிளட்ச் லைனில் அழுத்தம் 20, 30 பார் வரை போகும். அந்த அழுத்தத்தில் 1 மி.லி. காற்று சுருங்கி ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். அதாவது தள்ளின 4.5-இல் ஏறக்குறைய 1 மி.லி. அந்தக் காற்றைச் சுருக்கவே செலவு. ராடில் 3 மி.மீ. போச்சு. 13-க்கு 10 தான் வரும். பிரஷர் பிளேட் பிரிய 10 போதாது என்றால் ரிவர்ஸ் கரகரக்கும்.

பம்ப் அடித்தால் சரியாவது ஏன் என்றும் இதிலிருந்தே தெரியும். பெடலை விட்டதும் டப்பாவிலிருந்து புதுத் திரவம் மாஸ்டருக்குள் இறங்கும். முன்னால் தள்ளினது முழுக்கத் திரும்புவதற்குள் மறுபடி அமுக்கினால் லைனில் அளவு கூடும். இது காற்று இருந்தாலும் நடக்கும், மாஸ்டரின் முன் சீல் விட்டுப் போனாலும் நடக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த ஒரு நிமிடச் சோதனைதான். காற்று மட்டும் இருந்தால் பெடல் பஞ்சாக இருக்கும், ஆனால் பிடித்த இடத்தில் ராடு நிற்கும். சீல் விட்டால் ராடு மெல்ல மெல்லப் பின்வாங்கும். சிக்னலில் வண்டி நகரப் பார்க்கிறது என்கிறீர்களே, என் பந்தயம் மாஸ்டர் மேல்.

மேட்டுப்பாளையம்_டீசல்

அளந்துட்டேன். கையேட்டுல ராடு பயணம் 12-லிருந்து 14 மி.மீ.ன்னு இருக்கு.

முதல் அமுக்கு: 8 மி.மீ. மூணு பம்புக்கு அப்புறம்: 12. பிடிச்சபடியே இருந்தா ஒரு நிமிஷத்துல 6-க்கு வந்துடுச்சு. பெடல் ராடு பக்கம் வெச்ச டிஷ்யூ நல்லாவே நனைஞ்சுது, தண்ணியில கரையுது. ஸ்லேவ் பூட்டுக்குள்ள கறுப்பு ஈரம், சொட்டு இல்லை.

மாஸ்டருக்கு ரப்பர் கிட் மட்டும் போட்டா போதுமா, மாஸ்டரை முழு அசெம்பிளியா வாங்கணுமா? கடையில கிட் விலை அசெம்பிளியில கால்வாசிகூட இல்ல.

பெல்ஹவுசிங்

மாஸ்டர் தான், சந்தேகமே இல்லை. முன் சீலும் பின் சீலும் இரண்டுமே போயிருக்கு.

கிட்டா அசெம்பிளியா என்பதை சிலிண்டரின் உள்சுவர், அதாவது போர் தான் சொல்லும். பிஸ்டனைக் கழற்றி, போரை பிரேக் ஆயிலால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். விரல் நகத்தை உள்ளே ஓட்டினால் எங்கும் தட்டக் கூடாது. குழியோ கீறலோ படியோ இருந்தால் புது சீல் சில மாதத்தில் கிழியும். எமரி பேப்பர் போட்டுத் தேய்ப்பது வேலைக்கு ஆகாது. போர் பெரிதாகிவிட்டால் சீல் இறுக்கம் போய்விடும். 12 வருடம் ஓடின வண்டியில், கறுத்த ஆயிலோடு இருந்த மாஸ்டரின் போர் சுத்தமாக இருக்க வாய்ப்பு குறைவு. அசெம்பிளியாகவே வாங்குங்கள். ஸ்லேவ் இன்னும் சொட்டவில்லை, அதற்கு கிட் போட்டுப் பார்க்கலாம்.

கிட் போடும்போது இரண்டு விஷயத்தில் பட்டறைகள் தப்பு பண்ணும். ஒன்று, சிலிண்டரைப் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெயில் கழுவுவது. இந்த சீல்கள் ஈ.பி.டி.எம். ரப்பர். பெட்ரோலிய வாடையே அதற்கு ஆகாது, ஊதிப்போய் போருக்குள் சிக்கும். இரண்டு, சாதா கிரீஸ் தடவிச் செருகுவது. அதுவும் பெட்ரோலியம்தான். புது பிரேக் ஆயிலைத் தடவிச் செருகினால் போதும்.

ஸ்பேனர்_பதினாலு

ஸ்லேவ் விஷயத்தில் பெல்ஹவுசிங் சொல்வதோடு எனக்கு முழு ஒப்புதல் இல்லை. சொட்டவில்லை என்றாலும் பூட்டுக்குள் ஈரம் இருக்கிறது. மாஸ்டர் இதுவரை அழுத்தத்தைப் பாதியில் விட்டுக்கொண்டிருந்ததால் ஸ்லேவ் சீல் முழு அழுத்தம் பார்க்கவில்லை. புது மாஸ்டர் போட்டதும் அது பார்க்கும். இரண்டும் ஒரே வயது, ஒரே ஆயிலில் ஊறினவை. ஒரே தடவையில் இரண்டையும் மாற்றினால் ஏர் எடுக்கும் வேலையும் ஒரே தடவை. ஹோஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஹோஸின் உட்புற ரப்பர் உரிந்து நாக்காகத் தொங்கினால் திரவம் போகும், திரும்ப வராது. பெடல் மேலே வரத் தாமதிக்கும், கிளட்ச் பாதி பிடித்து வழுக்கும். வெளியே பார்த்தால் ஹோஸ் புதிதுபோல இருக்கும்.

இனி வேலை. போனட் பக்கம் பெயின்ட் மேல் துணி விரித்து, பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர் வையுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டை உரிக்கும். பட்டால் துடைத்து நிற்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

டப்பாவில் இருக்கும் கறுப்பை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, டப்பாவைத் துடைத்துவிட்டுத்தான் பைப்பைக் கழற்ற வேண்டும். பைப் நட்டுக்கு ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும். பைப்புக்கென்று வாய் திறந்த ரிங் மாதிரி ஒரு ஸ்பேனர் வரும், அதைப் போடுங்கள். ஸ்லேவைக் கழற்றி வைத்திருக்கும்போது யாரும் பெடலைத் தொடக் கூடாது, பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடும்.

புது மாஸ்டரை வண்டியில் மாட்டிய பிறகு டப்பாவை நிரப்பி, மாஸ்டரிலிருந்து கிளம்பும் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, பெடலை மெதுவாக அமுக்கச் சொல்லுங்கள். நுரையோடு வரும். பெடல் கீழே இருக்கும்போதே நட்டை இறுக்கி, பிறகு விடச் சொல்லுங்கள். நுரை நிற்கும்வரை இதையே செய்தால் மாஸ்டருக்குள் இருந்த காற்று அங்கேயே தீர்ந்துவிடும். இல்லாவிட்டால் அது லைன் முழுக்கப் பயணம் செய்து ஸ்லேவுக்கு வர வேண்டும்.

அடுத்து ஸ்லேவ் நிப்பிள், அதாவது காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு. துரு இருந்தால் வயர் பிரஷ் போட்டு, வெளிப்புறம் துருநீக்கி அடித்து ஊறவிடுங்கள். திறக்கும் முன் ஒரு துளி இறுக்கி, பிறகு தளர்த்தினால் உடையாமல் வரும். ஆறு முனை ரிங் ஸ்பேனரை முதலில் மாட்டி, அதன்மேல் ஒளி ஊடுருவும் டியூப், டியூபின் மறுமுனை கொஞ்சம் புது ஆயில் இருக்கும் பாட்டிலுக்குள் மூழ்கி. பாட்டில் நிப்பிளைவிட உயரத்தில் தொங்கட்டும். குமிழி மேல்நோக்கிப் போகும், திரும்பி வராது.

உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டே கட்டளை. "அமுக்கு": மெதுவாக முழுதும் அமுக்கி அப்படியே பிடிப்பது. நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, ஓட்டம் நின்றதும் மூடுவது. மூடிய பிறகுதான் "விடு". பெடல் தானாக மேலே வராவிட்டால் பதற வேண்டாம், பல வண்டிகளில் பெடல் ஸ்பிரிங்கே அதைக் கீழே இழுத்துப் பிடிக்கும். கையால் தூக்கி விடுங்கள். டப்பா நிரம்ப இரண்டு மூன்று விநாடி இடைவெளி கொடுத்து மறுபடி. வேகமாகப் பம்ப் அடித்தால் காற்று பொடிக் குமிழியாகி ஆயிலோடு கலந்துவிடும், பிறகு அது அடங்கக் காத்திருக்க வேண்டும். டப்பா எந்த நேரத்திலும் மினிமத்துக்குக் கீழே போகக் கூடாது. ஒரு தடவை காற்றை இழுத்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பம்.

தெளிந்த ஆயில் குமிழி இல்லாமல் வந்ததும் நிப்பிளை 8, 9 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்காதீர்கள். சின்ன நிப்பிள், முறிந்தால் ஸ்லேவே போச்சு. முடித்ததும் ராடு பயணத்தை மறுபடி அளந்து பாருங்கள். பெடல் கெட்டியாக இருப்பதாகக் காலுக்குத் தோன்றுவதை நம்ப வேண்டாம், ஸ்கேலை நம்புங்கள்.

நல்லூர்_கராஜ்

ஒண்டு சேர்த்துச் சொல்லுறன். எவ்வளவு ஏர் எடுத்தாலும் 9, 10க்கு மேல வரேல்லை எண்டால் ஸ்லேவின்ர நிப்பிள் மேல் பக்கம் பார்க்குதோ எண்டு பாருங்கோ. சில ஸ்லேவ் இடம் வலம் மாறிப் பூட்டினாலும் இருக்கும். நிப்பிள் கீழ போனால் காத்து மேல் மூலையில தங்கிடும், ஒரு நாளும் வெளிய வராது.

நிப்பிள் சரியாய் இருந்தும் வரேல்லை எண்டால் பைப்பைக் கழட்டாமல் ஸ்லேவை மட்டும் போல்ட் கழட்டி, நிப்பிளை உச்சியில பிடிச்சு, ராடைக் கையால மெல்ல உள்ளுக்கு அழுத்துங்கோ. அழுத்தினால் குமிழி டாங்கியில வந்து வெடிக்கிறது தெரியும். பிறகு மெல்ல விடுங்கோ, பிஸ்டன் கழண்டு வராமல் கவனம். அழுத்தும்போது டாங்கி நிரம்பி வழியாமல் ஒராள் பார்த்துக்கொள்ளோணும்.

மேட்டுப்பாளையம்_டீசல்

நன்றி அண்ணா, எல்லாருக்கும். ஆயில் எது வாங்குறது? டப்பா மூடியில டாட் 3ன்னு இருக்கு. கடைக்காரர் டாட் 4 தர்றார், ஆன்லைன்ல டாட் 5-ன்னு ஒண்ணு விலை அதிகமா இருக்கு. நம்பர் கூடுனா நல்லதுதானே?

கணக்கு_வாத்தியார்

டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை, ஒன்றோடொன்று கலக்கும். டாட் 5 மட்டும் சிலிக்கோன். ஊதா நிறம், மற்றவற்றோடு கலக்காது, உங்கள் வண்டிக்கு வேண்டாம். 5-ம் 5.1-ம் வேறு வேறு என்பதை ஆன்லைனில் வாங்கும்போது இரண்டு தடவை படியுங்கள்.

தரம் பிரிப்பது கொதிநிலையை வைத்து. புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் டாட் 3-க்கு 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-க்கு 230, 5.1-க்கு 260. இந்த மூன்றுமே காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அதே எண்கள் 140, 155, 180 என்று இறங்கிவிடும். ஸ்லேவ் உட்கார்ந்திருப்பது பெல் ஹவுசிங் மேல், பக்கத்திலேயே சைலன்சர் பைப். நெரிசலில் ஒரு மணி நேரம் பாதி கிளட்ச்சில் ஊர்ந்தால் பழைய ஆயில் ஆவியாகிப் பெடல் பஞ்சாகும், வண்டி ஆறினதும் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். கசிவே இல்லாமல் வெயில் நாளில் மட்டும் இந்தக் கோளாறு வந்தால் ஆயிலைத்தான் மாற்ற வேண்டும்.

டாட் 3 கேட்கும் வண்டிக்கு டாட் 4 தாராளமாக ஊற்றலாம். கிளட்ச் லைனுக்கு மட்டும் என்றால் 250 மி.லி. போதும், சாமான் மாற்றி ஏர் எடுப்பதால் 500 மி.லி. வாங்குங்கள். மூடி முத்திரை உடையாத பாட்டிலாக இருக்கட்டும். மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு என்று வைக்காதீர்கள், திறந்த பாட்டிலும் ஈரம் குடிக்கும். வெளியே எடுத்ததை வடிகட்டித் திரும்ப ஊற்றுவது கூடவே கூடாது.

மாற்றும் இடைவெளி 2 வருடம். பெரும்பாலான சர்வீஸ்களில் பிரேக் ஆயிலை மாற்றிவிட்டு கிளட்ச் நிப்பிளைத் தொடாமலே விட்டுவிடுவார்கள். ஜாப் கார்டில் தனியாக எழுதச் சொல்லுங்கள். கிளட்ச் லைன் ஒரு முட்டுச்சந்து, ஆயில் சுற்றி வராது. டப்பாவில் இருப்பதை உறிஞ்சிப் புதிது ஊற்றினால் மேலே தெளிவாகத் தெரியும், ஸ்லேவில் பழைய கறுப்பு அப்படியே கிடக்கும். அந்தக் கறுப்பு பெரும்பாலும் சீல் தேய்ந்த ரப்பர் பொடி.

கோவை_ஹேட்ச்பேக்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் வண்டியில் ஸ்லேவ் வெளியே தெரியவே இல்லை, பைப் நேராக பெல் ஹவுசிங்குக்குள் போகிறது. டப்பாவும் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒன்றுதான். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா சார்?

பெல்ஹவுசிங்

உங்களுடையது கான்சென்ட்ரிக் ஸ்லேவ். ரிலீஸ் பேரிங்கும் ஸ்லேவும் ஒரே துண்டாக இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். ராடு கிடையாது, ஆகவே ஸ்கேல் சோதனையும் கிடையாது. மாஸ்டர் பக்கம் ஈரம் இல்லாமல் அளவு மட்டும் இறங்கினால், பெல் ஹவுசிங்கின் அடியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஈரம் தேடி, தண்ணீர் டம்ளர் சோதனை போடுங்கள். கரைந்தால் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். பிளேட்டில் பிரேக் ஆயில் பட்டிருக்கும் என்பதால் அப்போது கிளட்ச் செட்டையும் மாற்றுங்கள். எதிர்ப்பக்கமும் அதே கணக்கு: பிளேட் தேய்ந்து செட் போடும் நாளில் கசியாத கான்சென்ட்ரிக் ஸ்லேவையும் மாற்றிவிட வேண்டும். பிறகு அதற்காக மட்டும் ஒரு தடவை இறக்கும் கூலி சாமான் விலையைத் தாண்டும்.

புதுசை மாட்டும் முன் கையால் அமுக்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கூடாது. உலர்ந்த நிலையில் அமுக்கினால் சீல் உதடு மடங்கிவிடும். மாட்டிய பிறகும் ஏர் எடுத்து முடிக்கும்வரை பெடலை மெதுவாகவே.

பொது டப்பாவில் கிளட்ச்சுக்குப் போகும் டியூப் பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில் கிளம்பும். கிளட்ச் கசிந்து தீர்ந்தாலும் பிரேக்குக்கு வேண்டியது அடியில் மிஞ்சட்டும் என்பதற்காக. அதனால் அளவு குறைந்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கும், கிளட்ச் மட்டும் காற்றை இழுக்கும். சேர்ந்த டப்பா என்பதால் ஆயில் பிரேக் கேட்கும் தரத்திலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்று, யாராவது அவசரத்தில் பவர் ஸ்டியரிங் ஆயிலையோ இன்ஜின் ஆயிலையோ இந்த டப்பாவில் ஊற்றிவிட்டால் வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள். மூடிக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் ஊதி நெளிந்திருப்பது முதல் அடையாளம். மூடியில் ரப்பர் ஊதியிருந்தால் பிரேக் சீல்களும் ஊத ஆரம்பித்திருக்கும். கழுவி ஊற்றிச் சரிக்கட்ட முடியாது, ரப்பர் இருக்கும் சாமான் அத்தனையும் மாற்ற வேண்டும்.

ஸ்பேனர்_பதினாலு

டீசல் நண்பருக்கு ஒன்று விட்டுப்போச்சு. புது மாஸ்டரின் புஷ் ராடு நீளத்தைப் பழையதோடு ஒப்பிட்டு, லாக் நட்டை அதே இடத்தில் வையுங்கள். பெடலைக் கையால் அமுக்கும்போது ராடு பிஸ்டனைத் தொடும் முன் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். பெடல் பேடில் அளந்தால் பல வண்டிகளில் மொத்த ஃப்ரீ பிளே 5-லிருந்து 15 மி.மீ.; உங்கள் கையேட்டு எண்ணைப் பாருங்கள்.

பெடலை உயர்த்தும் ஆசையில் ராடை நீட்டி ஆட்டத்தைப் பூஜ்யம் ஆக்கிவிட்டால், பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராது. டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். சூடேறி விரிந்த ஆயில் போக வழியில்லாமல் ஸ்லேவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். 20, 30 கி.மீ. ஓடியபின் கிளட்ச் வழுக்கும், அப்போது எல்லோரும் பிளேட்டைக் குறை சொல்வார்கள். சோதிக்க எளிய வழி: டப்பா மூடியைத் திறந்து வைத்துப் பெடலை மெல்ல விடச் சொல்லுங்கள். கடைசிக் கட்டத்தில் ஆயில் மேற்பரப்பில் சின்னதாகக் கொப்பளிக்க வேண்டும். கொப்பளிக்காவிட்டால் ராடைக் கொஞ்சம் குறைத்து லாக் நட்டை இறுக்குங்கள்.

கிளட்ச் ஸ்விட்ச் இருக்கும் மாடலாக இருந்தால் அதன் முனை பெடலைத் தொடும் இடத்தையும் அதன்பிறகு சரிபார்த்துவிடுங்கள்.

மேட்டுப்பாளையம்_டீசல்

மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் மூணும் மாத்தியாச்சு. ஸ்பேனர் அண்ணா சொன்ன மாதிரி மாஸ்டர் பைப் நட்டுலயே பாதி காத்து வந்துடுச்சு. இப்போ முதல் அமுக்குலயே ராடு 13 மி.மீ., ஒரு நிமிஷம் பிடிச்சாலும் 13. ரிவர்ஸ் சத்தமில்லாம விழுது. பழைய மாஸ்டரைப் பிரிச்சுப் பார்த்தேன்: போர்ல கீழ்ப்பக்கம் நகம் தட்டுற அளவுக்குக் குழி. கிட் போட்டிருந்தா நிக்காது.

வெளிய எடுத்த பழைய ஆயிலை என்ன பண்றது?

பெல்ஹவுசிங்

சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டாம். மூடி இறுக்கமான பாட்டிலில், மேலே எழுதி ஒட்டி, கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுங்கள். இன்ஜின் ஆயில் டிரம்மில் கலக்காமல் தனியாக வைக்கச் சொல்லிக் கொடுங்கள்.